மலைத் தூண்டில், கடல் மீன்

'அப்பாடா, கெடைச்சிடுச்சு சார்!' என்று கள்ளக்குறிச்சியிலிருந்து நண்பர் போன் பண்ணினார். ஏதோ வேலை உத்தரவு, இல்லாவிட்டால் பெண்ணுக்கு வரன் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டும் இல்லை. ஒரு தூண்டில்!

நண்பர் சாதாரணத் தூண்டில்காரர் அல்ல. கோமுகி அணையில் தண்ணீர் நிற்கிற மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டில் பார்க்க முடியாது. மண்புழு, மைதா உருண்டை, தக்கை, நைலான் நரம்பு... இதுதான் அவருடைய ராஜ்ஜியம். கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று புழுவைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ஃப்ளை ஃபிஷிங்' கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினார். அதுவும் அணையில் இல்லை, கடலில்! படகும் கிடையாது, கரையில் நின்றபடியே!

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் புழு கிடையாது, இரை கிடையாது. கோழி இறகையும் ரோமத்தையும் முள்ளில் நூல் சுற்றிக் கட்டி, பார்ப்பதற்குப் பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்வார்கள். அதற்கு எடையே இருக்காது. எடை இல்லாத பொருளை இருபது, முப்பது அடி தள்ளி எறிய முடியுமா? ஒரு கோழி இறகை எறிந்து பாருங்கள், காலடியிலேயே விழும். அதனால் இந்த வித்தையில் கயிற்றையே கனமாகச் செய்துவிட்டார்கள். தடிமனான அந்தக் கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சாட்டை மாதிரி வீச, அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு இறகு போய்ச் சேரும். மற்றத் தூண்டில்களில் இரை கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் கயிறு இரையை இழுத்துக்கொண்டு போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அதைக் கையில் கொண்டுவருவதற்குள் முழங்கை கழன்றுவிடும்!

'வெள்ளைக்காரன் விளையாட்டு நமக்கு எதுக்குங்க?' என்று கேட்டேன். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. 'தூண்டில் வெள்ளைக்காரன் கண்டுபுடிச்சதா?' என்றார்.

நியாயம்தான். குறுந்தொகையில் ஒரு புலவர் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. மூங்கிலை வளைத்துத் தின்றுகொண்டிருந்த காட்டு யானை, சட்டென்று பிடியை விட, அந்த மூங்கில் மேலே துள்ளி எழுகிறது... மீன் மாட்டியதும் சுண்டி இழுக்கப்பட்ட தூண்டில் மாதிரி! இந்த ஒரே உவமைக்காக அவருக்கு 'மீனெறி தூண்டிலார்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கவனியுங்கள். அது குறிஞ்சிப் பாட்டு. மலையும் யானையும் மூங்கிலும் இருக்கிற இடத்தில் புலவருக்குத் தூண்டில் ஞாபகம் வருகிறது. கல்வராயன் மலை அடிவாரத்தில் உட்கார்ந்து கடலை நினைத்துக்கொண்டிருக்கிற என் நண்பருக்கு அவர் தூரத்து உறவாக இருக்க வேண்டும்!

இறகு கட்டுகிற கலையின் முதல் சாட்சி கிரேக்க மொழியில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200-ல் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஆஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றங்கரைக்காரர்கள் செய்கிற தந்திரத்தை எழுதிவைத்தார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே இருக்கிற இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றில் விடுவார்களாம். மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். அதற்கப்புறம் 1496-ல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு வகை ஈக்களைப் பட்டியல் போட்டது. அதை எழுதியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகாஸ்திரீ என்று சொல்வார்கள். 1653-ல் ஐசக் வால்டன் எழுதிய புத்தகம் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. ஆனால், இவர்கள் எல்லோருமே ஆற்று ஆசாமிகள். உப்புத் தண்ணீர் பக்கம் இறகைக் கொண்டுபோகலாம் என்று பெரிதாக யாருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவுக்கு வந்த சாகிப்களுக்கு வேறு கவலை. அவர்கள் ஊர் டிரவுட் மீன் இங்கே கிடையாது. கொண்டுவந்த தூண்டிலை என்ன செய்வது? அந்தக் கவலைக்கு மருந்து எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை மங்களூரில் அச்சிட்டார். நம் ஆறுகளில் என்ன மீன் இருக்கிறது, அது எதைத் தின்கிறது, எப்போது கடிக்கும் என்று பொறுமையாகச் சொல்கிற புத்தகம். மூன்று பதிப்புகள் வந்தன. 1887-ல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்குத் தனியாக ஒரு புத்தகம். மலைப்பக்கம் போஸ்டிங் கிடைக்காமல் சமவெளியில் வெந்துகொண்டிருந்த உத்தியோகஸ்தர்களுக்கு அது ஒரு ஆறுதல் பரிசு! கழிமுகத்தில் மீன் பிடிப்பதைப் பற்றியும் தாமஸ் எழுதியிருக்கிறார். ஆறும் கடலும் கைகுலுக்குகிற இடத்தில் கொடுவா வரும், காலா வரும் என்று கண்டுகொண்டவர். ஆற்றுத் தூண்டில்காரன் கடலுக்கு இறங்க வேண்டுமானால் முதல் படிக்கட்டு கழிமுகம்தான் என்பதை நம் பக்கத்தில் அச்சில் சொன்ன முன்னோடி என்று அவரைச் சொல்லலாம்.

ஆனால், தாமஸை வெறும் பொழுதுபோக்குப் பேர்வழி என்று ஒதுக்கிவிட முடியாது. தென்கன்னட மாவட்டத்தில் இருந்தபோதே, 1870-ல், மீன் வளத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தவர். ஆற்றில் விஷத்தைக் கலந்து மீன் பிடிக்கிறார்கள், சல்லடை மாதிரி கண் சிறுத்த வலையால் குஞ்சுகளை வாரிவிடுகிறார்கள், இப்படியே போனால் ஆறு காலி என்று எச்சரித்தார். அதே காலத்தில் ராணுவ டாக்டரான பிரான்சிஸ் டே, இந்திய மீன்வளத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகி, நாடு முழுக்கச் சுற்றி மீன்களை எண்ணிக்கொண்டிருந்தார். 1875-லிருந்து 1878 வரை நான்கு பகுதிகளாக வந்த அவருடைய 'ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'வில் ஒரு சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயர் கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருப்பார். தமிழ் மீனவர்கள் வாயால் சொன்ன பெயர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக நிற்கும்.

இந்த எச்சரிக்கைகளெல்லாம் கடைசியில் சட்டமாயின. 1879-ல் நீலகிரிக்கு மட்டும் வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம். 1897-ல் நாடு முழுமைக்கும் இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்து மீன் பிடிக்கக் கூடாது, தண்ணீரில் விஷம் கலக்கக் கூடாது. மீறினால் இரண்டு மாதம் வரை ஜெயில், அல்லது 200 ரூபாய் வரை அபராதம். 1897-ல் 200 ரூபாய் என்றால் சும்மாவா!

நல்ல சட்டம்தான். சந்தேகமில்லை. வெடி போட்டால் பெரிய மீனோடு முட்டையும் குஞ்சும் சேர்ந்து சாகும். ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆறு வற்றுகிற கோடையில் மரப்பட்டையையும் காயையும் இடித்துக் கரைத்து மீனை மயங்கவைத்துப் பிடிப்பது, இந்தியாவின் பல மலைகளில் ஊரே கூடிச் செய்கிற காரியமாக இருந்தது. அன்றைக்கு ராத்திரி எல்லார் வீட்டுச் சட்டியிலும் மீன். மலைக்காரனுக்கு அது சோறு. சாகிபுக்கு அது ஸ்போர்ட். இரண்டு பேரும் ஒரே ஆற்றைப் பார்த்தார்கள். சட்டப் புத்தகத்தில் மட்டும் ஒருத்தருடைய பார்வைதான் ஏறியது.

கல்வராயன் மலையில் இந்த 'ஆறு யாருடையது?' கேள்வி இன்னும் சிக்கலானது. அங்கே நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் ஆனபிறகும் ஜாகிர்தார்கள் இருந்தார்கள்! சடையகவுண்டர், குரும்பகவுண்டர், அரியகவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள். மலை, காடு, அதிலிருந்து வருகிற வரி எல்லாம் அவர்கள் கையில். 1976-ல்தான் அரசாங்கம் மலையை எடுத்துக்கொண்டது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஆட்சியர் அலுவலகம் வந்தது 2019 நவம்பரில். சென்னைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. மேகம் அருவி, பெரியார் அருவி என்று ஒரு நாள் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

சரி, டிரவுட் கதைக்கு வருவோம். ஆசை யாரை விட்டது? டிரவுட்டையே இங்கே கொண்டுவந்துவிடுவது என்று 1860-களில் டே முயற்சி செய்தார். கப்பலில் ஐஸ் வைத்து முட்டைகளைக் கொண்டுவர வேண்டும். வெயிலில் முட்டை பிழைக்குமா? பிழைக்கவில்லை. பிறகும் பலர் முயன்று தோற்றார்கள். கடைசியில் ஹெச்.சி. வில்சன் என்ற நிபுணர் ஜெயித்தார். 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் உருவானது. அதே காலகட்டத்தில்தான் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன், மதராஸ் மாகாணத்துக்கென்று மீன்வளத் துறையைத் தொடங்கினார். கூட்டுறவு சங்கங்களுக்கு இந்தியாவில் பிள்ளையார் சுழி போட்ட அதே நிக்கல்சன்தான். டிரவுட்டைவிட மீனவன் காயவைக்கிற கருவாடும், அவன் வாங்கின கடனும் முக்கியம் என்று நினைத்த அபூர்வ வெள்ளைக்காரர். அவருக்கு ஒரு சல்யூட்!

இனி கடல். இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். இறகுத் தூண்டிலை உலகத்தில் உப்புத் தண்ணீருக்குப் பழக்கியவர்களில் பெரும்புள்ளிகள், ஆற்றில் கை பழகிய அமெரிக்கர்கள். அவர்களில் பிரபலமானவர் பெர்னார்ட் 'லெஃப்டி' கிரே. 1925-ல் மேரிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி, பொடோமேக் ஆற்றில் 'பாஸ்' மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1947-ல் ஜோ ப்ரூக்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இவரைப் பற்றி எழுத வந்தார். இரண்டு பேரும் ஆற்றில் இறங்கினார்கள். ப்ரூக்ஸ் கையில் இறகுத் தூண்டில். 'காற்று அடிக்கிறது, இதெல்லாம் சரிப்படாது' என்று கிரேக்கு உள்ளூர நினைப்பு. சாப்பிட்டு முடித்த நேரத்தில் தண்ணீரின் மேல் வட்ட வட்டமாக வளையங்கள். ஆற்றைக் கடக்கிற இறக்கை முளைத்த எறும்புகள் தண்ணீரில் விழ, மீன்கள் மேலே வந்து விழுங்கிக்கொண்டிருந்தன. ப்ரூக்ஸ் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வீச்சு. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மீன்! கிரே வாயடைத்துப்போனார். மறுநாளே பால்டிமோருக்குக் காரை ஓட்டிப்போய் ஒரு தூண்டில் வாங்கிவிட்டார்.

ப்ரூக்ஸ் 1950-ல் கடல் ஃப்ளை ஃபிஷிங்குக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். கிரே அதே வழியில் கடலுக்குப் போனார். 1964-ல் மியாமிக்கே குடிபோய்விட்டார். நீளமான வெள்ளை இறகுகளால் அவர் கட்டிய 'டிசீவர்' என்ற பொய்மீன், உலகக் கடற்கரைகளிலெல்லாம் பெட்டிக்குப் பெட்டி இருக்கிறது. 2018-ல் 93 வயதில் இறந்துபோனார். கடல் தூண்டில்காரர்கள் பெட்டியில் தவறாமல் இருக்கிற இன்னொரு சரக்கு 'கிளவுசர் மின்னோ'. கண்ணுக்குப் பதிலாக ஈயக் குண்டு வைத்துத் தலைகீழாக மூழ்குகிற பொய்மீன். அதை 1980-களில் கட்டியவர் பாப் கிளவுசர். எங்கே தெரியுமோ? பென்சில்வேனியாவில் ஓடும் சஸ்க்வஹானா என்ற ஆற்றங்கரையில்! கடல் மீன்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிற சரக்கு, ஆற்று மீனுக்காகக் கட்டியது.

இன்னொன்று. இந்தத் தூண்டில் கம்புகளை 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் எதில் செய்தார்கள்? மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒட்டிச் செய்தார்கள். பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப் என்ற துப்பாக்கி செய்கிறவர் ஆரம்பித்த கலை. அந்த மூங்கிலுக்கு வியாபாரப் பெயர் 'கல்கத்தா கேன்'. பிற்பாடு சீனத்து மூங்கில் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும்வரை, கம்பு நம் ஊரிலிருந்துதான் கப்பலேறியது. மீனெறி தூண்டிலாரின் மூங்கில்!

நம் நாட்டில் பெரிய தூண்டில்காரர்களுக்கு நூறு வருஷமாக ஒரே தெய்வம்தான். காவிரியின் திமில் மஹ்சீர். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 1946 மார்ச்சில் கபினியில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்தார். அந்த சாதனையை யாரும் தாண்டியதாகப் பதிவு இல்லை. அதற்கப்புறம் அணைகள், மணல் கொள்ளை, வெடி, போதாக்குறைக்கு வேறு இடத்து மஹ்சீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்ட அபத்தம்... எல்லாம் சேர்ந்து திமில் மஹ்சீரை விளிம்புக்குத் தள்ளின. கூத்து என்னவென்றால், உலகமே படம் எடுத்துக்கொண்ட அந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் எது என்பதே 2018-ல்தான் முடிவானது. அதே கையோடு 'மிகவும் அருகிவிட்டது' என்ற பட்டியலிலும் சேர்த்தார்கள். பெயர் சூட்டலும் சாவோலை மாதிரி ஒரு காகிதமும் ஒரே நேரத்தில்! பிடித்து, எடை பார்த்து, திரும்ப விட்டுவிடுகிற முகாம்கள் காவிரிக் கரையில் இருந்தன. காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அவை 2010-களின் தொடக்கத்தில் நின்றுபோயின. ஆற்றுக் கதவு சாத்தியதும் சில தூண்டில்கள் கடல் பக்கம் திரும்பின. அந்தமானுக்குப் பாறை மீன் தேடிப் போகிறவர்கள் உண்டு. பணம் உள்ளவர்கள். கள்ளக்குறிச்சிக்காரர் என்ன செய்வார்? பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறுவார்!

ஏன் பரங்கிப்பேட்டை என்று கேட்டேன். 'நம்ம தண்ணி அங்கதான சார் போவுது' என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேப்பை எடுத்துப் பார்த்தால், ஆமாம்! கல்வராயன் மலையில் இறங்குகிற கோமுகியும் மணிமுக்தாவும் சேர்ந்து வெள்ளாற்றில் விழுகின்றன. விருத்தாசலம் கோயில் ஓரமாகப் போகிற மணிமுக்தாதான் அது. மலையின் அந்தப் பக்கம் ஆத்தூர் வழியாகப் போகிற வசிஷ்ட நதியும் வெள்ளாறுதான். எல்லாம் சேர்ந்து சேத்தியாத்தோப்பைத் தாண்டி, பரங்கிப்பேட்டையில் கடல். ஆக, நண்பர் வேறு தண்ணீருக்குப் போகவில்லை. அதே தண்ணீரின் அடுத்த முனைக்குப் போகிறார்.

ஒரு மாசி மாதத்து சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பரங்கிப்பேட்டை சாதாரண ஊர் இல்லை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் கடை விரித்த துறைமுகம். 1781 ஜூலையில் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியது இங்கேதான். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து இங்கே உருக்காலை வைத்தார். காட்டை வெட்டிக் கரியாக்கியதுதான் மிச்சம், ஆலை நிலைக்கவில்லை. இன்றைக்கு அந்த ஊருக்குப் பெருமை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம். பக்கத்தில் பிச்சாவரம் அலையாத்திக் காடு.

முதலில் திறந்த கடற்கரை. நண்பர் தோரணையாக நின்று கயிற்றை வீசினார். பிற்பகல் கடல்காற்று நேருக்கு நேர் முகத்தில் அடித்தது. முன்னால் போன கயிறு அப்படியே திரும்பி வந்து அவர் கழுத்தில் மாலை போட்டது! இரண்டாவது வீச்சில் இறகு என் சட்டைக் காலரில். மூன்றாவதில், இழுத்துக் காலடியில் போட்டிருந்த கயிற்றை அலை சுருட்டிக்கொண்டு போய் அவர் காலையே கட்டிவிட்டது. இதற்காகத்தான் கடல்காரர்கள் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு கயிற்றை அதற்குள் விடுவார்களாம். கோமுகி அணையில் யார் இடுப்பில் கூடை கட்டினார்கள்?

பிறகு உள்ளே, கழிமுகத்துக்கு நகர்ந்தோம். அங்கே காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. கரையில் ஒரு பெரியவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'என்னா தம்பி, ஈ ஓட்டுறீங்களா?' என்றார்.

நண்பர் விளக்கினார். பெரியவர் சிரிக்கவில்லை. பொய்மீனை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். 'நல்லாத்தான் கட்டியிருக்கு. ஆனா நீங்க ஏத்தத்துல நின்னுக்கிட்டு இருக்கீங்க. வத்தம் ஆரம்பிக்கட்டும். ஓடைக்குள்ள ஏறுன பொடி மீனு எல்லாம் வாய்க்கா வழியாத்தான் எறங்கும். பெரிசு அங்க வந்து நிக்கும்' என்றார். அணையில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு இது புதுப் பாடம். ஏரித் தண்ணீர் நிற்கும். கழிமுகத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை இறங்கும். மீன் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், மணி என்ன, என்ன பட்சம், இன்றைக்கு என்ன திதி என்று கேட்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத் பக்கம் மாதிரி ஆளை முழுங்குவதில்லை. ஆனால், கொடுவாவுக்கு அது போதும்.

வற்றம் ஆரம்பித்தது. வாய்க்கால் வாயில் தண்ணீர் சுழித்தது. நண்பர் வீசினார், இழுத்தார்... டொக்! ஒரு முரட்டுக் கடி! பழக்க தோஷத்தில் கம்பைப் படக்கென்று வானத்துக்குத் தூக்கினார். போச்சு. மீன் போயே போய்விட்டது. அணை மீனுக்குக் கம்பைத் தூக்கினால் முள் ஏறும். கடல் மீனுக்கு வாய் கல் மாதிரி. கம்பைத் தூக்கினால் அதன் நுனி வளைந்து வேகத்தைத் தின்றுவிடும், இறகும் மீனைவிட்டு விலகிப் பறந்துவிடும். கம்பை மீனை நோக்கி நீட்டியபடி, இடது கையால் கயிற்றைச் சரக்கென்று இழுக்க வேண்டும். நண்பர் இதையெல்லாம் படித்தவர்தான். படித்தது தலையில் இருந்தது. கை கோமுகியிலேயே இருந்தது!

காத்திருந்த நேரத்தில் பெரியவர் கொடுவாவைப் பற்றிப் பேசினார். அதன் செவுள் மூடி கத்தி மாதிரி, நரம்பை அறுத்துவிடும் என்றார். விஞ்ஞானிகள் சொல்கிற கதை அதைவிட ஆச்சரியம். கொடுவா உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போது கழிமுகம் வழியாக ஆற்றுக்குள் ஏறி வளர்ந்து, மறுபடி முட்டையிடக் கடல்பக்கம் இறங்குகிற மீன். ஆணாக முதிர்ந்து, சில வருஷம் கழித்துப் பெண்ணாக மாறிவிடும்! சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் இதை அடைப்பில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்தது. விலாங்கு இன்னும் ஒரு படி மேலே. நடுக்கடலில் பிறந்து, கண்ணாடி மாதிரிக் குஞ்சாக ஆற்றுமுகத்துக்கு வந்து, மேலே மேலே ஏறி, வருஷக்கணக்கில் நல்ல தண்ணீரில் வாழ்ந்து, சாகிற காலத்தில் கடலுக்கே திரும்புகிறது. ஆற்றையும் கடலையும் ஒரே வீடாகப் பார்க்கிற ஜாதி. வழியில் சுவர் இருந்தால் தீர்ந்தது. 1965-ல் கோமுகி அணை, 46 அடி. 1970-ல் மணிமுக்தா அணை, 36 அடி. அதற்குக் கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு. இந்த அணைகள் வந்ததால்தான் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயலில் நெல்லும் கரும்பும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால், கட்டுகிறபோது மீனுக்கு ஒரு படி வைக்கலாம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

'நீங்க எந்த ஊரு?' என்று பெரியவர் கேட்டார்.

'கள்ளக்குறிச்சிங்கய்யா. கோமுகி அணை பக்கம்.'

அவர் கை வேலையை நிறுத்திவிட்டு நண்பரை ஒரு தரம் பார்த்தார். 'அப்ப எங்க தண்ணி உங்ககிட்டதான் நிக்குதா?' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் முகத்துவாரத்து மணல் அடித்துக்கொண்டு போகும், இல்லாவிட்டால் மணல் மேடிட்டுப் படகு தட்டும், இறால் குஞ்சு உள்ளே ஏறாது என்று விளக்கினார். பக்கத்தில்தான் எம்.ஜி.ஆர். திட்டு. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி அந்தக் குடியிருப்பையே துடைத்துப்போட்டது. அதைப் பற்றி நாங்களாகக் கேட்கவில்லை. அவரும் அந்தத் திசையைக் கையால் காட்டினாரே தவிர, அதற்கு மேல் பேசவில்லை. அந்தக் கரையில் நின்றுகொண்டு 'விளையாட்டுக்கு மீன் பிடிக்க வந்தோம்' என்று சொல்ல எனக்கு நாக்குக் கூசியது.

இருட்டுகிற நேரம். வாய்க்கால் ஓரம் வெள்ளியாக ஏதோ புரண்டது. நண்பர் வீசினார். இந்தத் தடவை கம்பு எழும்பவில்லை, இடது கை இழுத்தது. கயிறு விறைத்தது. மீன் தண்ணீருக்கு மேலே துள்ளியது, ஒரு முறை, இரண்டு முறை! கரைக்கு வந்தபோது ஒரு முழத்துக்கும் குறைவு. பெரிய கண், வெள்ளித் தகடு மாதிரிச் செதில். 'மொரான் கெண்ட' என்றார் பெரியவர். அமெரிக்காக்காரன் லட்சக்கணக்கில் செலவழித்துத் தேடிப் போகிற டார்ப்பன் மீனுக்கு இது சின்னத் தம்பி முறை. ஒரே குடும்பம்.

நண்பர் அதைத் தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பிடித்து நிதானப்படுத்தி விட்டுவிட்டார். வாலை ஒரு சுழற்று சுழற்றிக்கொண்டு அது போயிற்று.

பெரியவருக்கு அது தாங்கவில்லை. 'விடுறதுக்கா தம்பி இம்புட்டு தூரம் பஸ்ஸேறி வந்தீங்க?'

நண்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போன். ராட்டினம் சுற்றவே இல்லையாம், உப்பு பூத்து இறுகிவிட்டதாம். அன்றைக்கு ராத்திரியே நல்ல தண்ணீரில் கழுவ மறந்துவிட்டார். மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன், அமாவாசைக்கு முந்தின நாள் வற்றம் சாயந்திரம் எத்தனை மணிக்கு என்று பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், நீங்களும் வர்றீங்களா என்றார்.